மூன்று பட்டை, ஒரு சால்வை: நாகாலாந்து இடுப்புத் தறி ஆர்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகாலாந்தின் ஃபெக் மாவட்டத்தில், புட்செரோவைத் தாண்டி மலைச்சரிவில் ஒரு கிராமம். சாக்கேசாங் நாகர்களின் ஊர். சொக்ரி, கேழா, சாங்தம் என்ற மூன்று பெயர்களின் முதல் அசைகளைக் கோத்து வந்ததுதான் சாக்கேசாங் என்ற பெயர். அதற்கு முன் இவர்களைக் கிழக்கு அங்காமி என்றார்கள். மலையைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிப்பவர்கள். அந்த ஊரில் 14 பெண்கள் சேர்ந்து நடத்தும் நெசவுக் குழுவுக்கு ஆர்டர் ஒருங்கிணைப்பாளராகப் போயிருந்தேன். அதற்கு முன் தமிழ்நாட்டில், குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறிச் சங்கங்களோடு சில வருடம் வேலை பார்த்த அனுபவம் உண்டு. இந்த நிகழ்வில் நடந்த தவறுக்குப் பெரும் பங்கு அந்த அனுபவத்துடையது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழு, ஊர், வாங்கியவர் ஆகிய பெயர்களை இதில் தரவில்லை.

நாகர்களிடம் நெசவு பெண்களின் வேலை. கூடை முடைவது, மரம் செதுக்குவது ஆண்களுடையது. தறி என்று சொன்னால் நம் மனத்தில் வருகிற மரச்சட்டம் எதுவும் அங்கே இல்லை. சில மூங்கில் கோல்கள், நீள இழைகளைத் தூக்கும் நூல் கண்ணிகளான விழுது கட்டிய ஒரு குச்சி, வாள் மாதிரி வழவழப்பாக இழைத்த ஒரு மரப்பலகை, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டி. அவ்வளவுதான். சுருட்டினால் கையிடுக்கில் அடங்கிவிடும். நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவின் ஒரு முனை சுவரோரம் கட்டிய மூங்கிலில் இருக்கும். மறுமுனை நெய்பவரின் வயிற்றோரம், இடுப்புப் பட்டியோடு பிணைத்த கோலில். தரையில் உட்கார்ந்து, கால்களை ஒரு கட்டைக்கு எதிராக ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்தால் பாவு விறைக்கும். முன்னால் குனிந்தால் தளரும். விழுதைத் தூக்கும்போது சற்றுக் குனிவார்கள். குறுக்கிழையான ஊடையைச் செலுத்திப் பலகையால் அடிக்கும்போது சாய்வார்கள். பாவிழைகளைச் சம இடைவெளியில் பிடிக்கும் சீப்பு போன்ற அச்சு கிடையாது, ஆகவே துணியின் அகலத்தையும் கைதான் காக்க வேண்டும்.

கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அதனால் ஒரு சால்வையை மூன்று பட்டைகளாக நெய்து, ஊசியால் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்கிறார்கள். நடுப்பட்டையில் பெரும்பாலும் புட்டாக்கள், அதாவது துணியோடு சேர்த்தே நெய்யும் சிறு பூ வடிவங்கள் வரும். கூடுதல் ஊடையைச் சின்ன மூங்கில் ஊசியாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ பாவிழைகளை எண்ணி எண்ணித் தூக்கி நுழைப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் பல இடங்களில் அந்தப் பூ தெரியவே தெரியாது.

முதல் பேச்சு: எந்தப் பூ

ஏப்ரலில் ஒரு நகரக் கடையிலிருந்து ஆர்டர் வந்தது. 30 சால்வைகள், செப்டம்பர் இறுதிக்குள். கூடவே மாதிரிக்கு ஒரு படம்.

அந்தப் படத்தைக் குழுவின் மூத்தவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, இதை நெய்ய மாட்டோம் என்றார். படத்தில் இருந்தது மிதுன் தலைகளும் வேறு உருவங்களும் கொண்ட சால்வை. மிதுன் என்பது அந்த மலைகளில் வளரும் காட்டெருமை போன்ற மாடு. ஒருவர் செல்வத்துக்கு அதுதான் அளவுகோலாக இருந்தது. ஊருக்கே மிதுன் வெட்டி, அரிசிக் கள்ளோடு விருந்து வைத்த தம்பதிக்குத்தான் முன்காலத்தில் அப்படிப்பட்ட சால்வை போடும் உரிமை. பணம் இருந்தால் மட்டும் போதாது. வைத்திருந்ததை ஊருக்குக் கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டும். சாக்கேசாங்கில் மட்டும் இல்லை, பல நாகர் குழுக்களில் இந்த ஏற்பாடு இருந்தது. ஆவோ நாகர்களின் த்சுங்கொதெப்சு சால்வையின் நடுவில் ஓடும் வெள்ளைப் பட்டையில் யானை, புலி, சேவல், மிதுன், மனிதத் தலை எல்லாம் கறுப்பு மையால் வரையப்பட்டிருக்கும். தலை கொய்தவரும் மிதுன் பலி கொடுத்தவரும் மட்டுமே முன்பு அதை அணிய முடிந்தது. துணியை நெய்வது பெண்கள், அந்தப் பட்டையில் வரைவது ஆண்கள்.

கிறித்தவம் வேரூன்றிய பின் அந்த விருந்துகள் நின்றுவிட்டன. விருந்து நின்றாலும் சால்வையின் மதிப்பு போகவில்லை. இப்போது திருமணத்திலும், மரியாதை செய்யும் இடத்திலும், டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமா அருகே கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் விழாவிலும் அவை தோளேறுகின்றன. சாக்கேசாங் சால்வைக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் கடைக்காரர் அனுப்பிய குறிப்பின் கடைசி வரியில், மீதமாகும் துணியில் குஷன் உறை செய்துதர முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த உருவங்களின் மேல் யாரோ உட்காருவதை மூத்தவர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் விவாதம் தேவைப்படவில்லை. யார் வேண்டுமானாலும் அணியக்கூடிய, சாதாரண வடிவப் பூக்கள் கொண்ட வேறொரு மாதிரியைப் பெண்களே தேர்ந்தெடுத்தார்கள். கறுப்புத் தரை, சிவப்புக் கோடுகள், நடுப்பட்டையில் வைர வடிவப் புட்டாக்கள். மூன்று பட்டைகளையும் குறுக்கே கடந்து ஓடும் சிவப்பு ஊடைக் கோடுகள் எட்டு. கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். அந்த எட்டுக் கோடுகளைத்தான் பின்னால் நான் நினைத்து நினைத்து நொந்துகொள்ளப் போகிறேன். அப்போது அவை அழகாகத் தெரிந்தன.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

திட்டம் எளிமையானது. 14 பேர், ஆளுக்கு இரண்டு சால்வை, இரண்டு பேர் மட்டும் மூன்று. வயல் வேலை இல்லாவிட்டால் ஒரு சால்வைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். வயலோடு சேர்த்து ஒரு மாதம் என்று வைத்தாலும் செப்டம்பருக்குள் தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கில் நான் எழுதாதவை: ஞாயிற்றுக்கிழமை யாரும் தறியைத் தொட மாட்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் எல்லா வேலையும் நிற்கும். அந்த மூன்று மாதத்தில் மூன்று சாவுகள். திருவிழா நாட்கள். ஜூனிலும் ஜூலையிலும் நடவு. நடவு என்றால் குழு முழுவதும் காலையில் இறங்கி இருட்டும்போதுதான் ஏறும். முழங்கால்வரை சேற்றில் நின்றவர்களிடம் இரவு எத்தனை வரிசை நெய்தீர்கள் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

ஜூலை நடுவில் எண்ணியபோது முடிந்த சால்வைகள் 8. மீதி 22.

இன்னொரு சிக்கலும் அப்போதுதான் கண்ணில் பட்டது. புட்டாவைத் தடுமாறாமல் நெய்யத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்ற ஒன்பது பேரும் வெறும் கோட்டுத் துணியை நன்றாக நெய்வார்கள், புட்டா வந்தால் மெதுவாகிவிடுவார்கள். நடுப்பட்டையில்தான் எல்லாருடைய நாளும் தேங்கிக் கிடந்தது.

நான் எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

புட்டா தெரிந்த ஐந்து பேரும் நடுப்பட்டை மட்டும் நெய்யட்டும், மற்ற ஒன்பது பேரும் ஓரப்பட்டைகளை நெய்யட்டும், கடைசியில் தைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். 22 நடுப்பட்டை, 44 ஓரப்பட்டை. காகிதத்தில் அது மிகச் சரியாக வந்தது.

நான் பார்த்து வளர்ந்த நெசவு அப்படித்தான். நம் ஊரில் ஒருவர் பாவு ஓட்டுவார், தெருவில் நீட்டிக் கஞ்சி போடுபவர் வேறு, ஊடை நூலைத் தாரில் சுற்றுவது வீட்டில் இன்னொருவர். வேலையைப் பிரிப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. தவிர குழித்தறியில் பாவின் விறைப்பைத் தறியே பிடித்துக்கொள்ளும். அகலத்தை அச்சு பார்த்துக்கொள்ளும். யார் உட்கார்ந்தாலும் துணி ஏறக்குறைய ஒன்றுதான்.

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண் மட்டும், ஐம்பதை நெருங்கியவர், சிரித்துக்கொண்டே, அங்கே பொதுமொழியான நாகமீஸில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்ன இளம்பெண், "ரெண்டு பேர் இடுப்பு ஒண்ணாகுமா அப்படிங்கறாங்க" என்றார். நானும் சிரித்தேன். குறிப்பேட்டில் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் அதை எழுதியும் வைத்திருக்கிறேன். எச்சரிக்கையாக எழுதவில்லை, வேடிக்கையாக எழுதினேன்.

கூலியையும் மாற்றினேன். அதுவரை ஒரு சால்வைக்கு இவ்வளவு என்று இருந்தது. இனி ஒரு பட்டைக்கு இவ்வளவு, மூன்றுக்கும் ஒரே தொகை.

அதே நேரத்தில் சிவப்பு நூல் தீர்ந்தது. நூல் திமாபூரிலிருந்து வர வேண்டும். மழையில் மண் சரிந்து சாலை மறிபட்டதில் சிட்டங்கள் வந்து சேரப் பத்து நாளானது. வந்த சிவப்பு பழைய சிவப்போடு ஒப்பிட்டால் கொஞ்சம் ஆரஞ்சு. தனியாகப் பார்த்தால் தெரியாது. சரி, போகட்டும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட்: தைக்க உட்கார்ந்தபோது

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் 9 நடுப்பட்டைகளும் 22 ஓரப்பட்டைகளும் கைக்கு வந்தன. தைப்பதில் கெட்டிக்காரரான ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். முதல் நடுப்பட்டையை விரித்து, இருபுறமும் ஓரப்பட்டைகளை வைத்தார். மேல்முனையிலிருந்து முதல் சிவப்புக் கோடு மூன்றிலும் நேராக நின்றது. இரண்டாவதும் சரி. நான்காவது கோட்டில் ஒரு நூல் அளவு விலகல். எட்டாவது கோடு வரும்போது இடப்பக்கக் கோடு நடுக்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது, வலப்பக்கத்தது கீழே இறங்கியிருந்தது. படிக்கட்டு மாதிரி. அவர் எதுவும் பேசாமல் ஊசியை மறுபடி துணியில் குத்தி வைத்தார்.

டேப்பை எடுத்து அளந்தேன். எல்லாப் பட்டைகளும் தறியில் இருக்கும்போது 72 அங்குலம். நானே வீடு வீடாகப் போய் அளந்து கையெழுத்துப் போட்டவை. இப்போது ஒன்று 70, ஒன்று 69, ஒன்று 67 அரை.

காரணம் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது. விளக்கியவர்கள் அந்தப் பெண்களே. இடுப்பில் பிணைத்த பாவு விறைப்பில் நீண்டு நிற்கிறது. பாவை அறுத்து இறக்கியதும் நூல் தன் இயல்புக்குச் சுருங்குகிறது. பலமாகச் சாய்ந்து நெய்பவரின் பட்டை அதிகம் சுருங்கும், இலேசாகச் சாய்பவருடையது குறைவாக. தறியில் அளந்த நீளத்துக்கு மதிப்பே இல்லை. அதோடு பலகை அடி. ஒருவர் இறுக்கி அடிப்பார், ஓர் அங்குலத்தில் அதிக ஊடை ஏறும். இன்னொருவர் மென்மையாக அடிப்பார். கோட்டுக்குக் கோடு இடைவெளியை எல்லாரும் ஊடை எண்ணிக்கையால்தான் கணக்கு வைத்திருந்தார்கள். எண்ணிக்கை ஒன்று, நீளம் வேறு.

ஒரே பெண் மூன்று பட்டைகளையும் நெய்தால் இந்த வேறுபாடு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும். கோடுகள் தாமே சந்திக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை முடிந்த 8 சால்வைகளைத் திரும்ப எடுத்து அளந்தேன். சால்வைக்குச் சால்வை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வித்தியாசம். ஒரு சால்வைக்குள் வித்தியாசமே இல்லை.

சிவப்பு நிறமும் இதே கதைதான். ஒரு முழுச் சால்வை கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. பழைய சிவப்பு நடுப்பட்டைக்கு அருகில் புதுச் சிவப்பு ஓரப்பட்டை வந்தால் தையலுக்கு முன்பே கண் உறுத்துகிறது.

கூலியில் ஒரு முணுமுணுப்பு இருந்ததும் அப்போதுதான் காதுக்கு வந்தது. புட்டா நெய்தவர்கள் ஒரு நடுப்பட்டை முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டு ஓரப்பட்டையை முடித்து இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகம் தெரிந்தவருக்குக் குறைவான காசு. குழுவின் இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை என்றார் மூத்தவர். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால் இன்னும் கனமாக விழுந்தது.

என்ன செய்யலாம் என்று யோசித்தவை

முதலில், குட்டையான பட்டையை நனைத்து இழுத்துக் கட்டிக் காயவைத்துப் பார்த்தோம். காய்ந்ததும் நீளம் வந்தது. மறுபடி ஒருமுறை அலசியதும் பழையபடி போய்விட்டது. வாங்கியவர் வீட்டில் முதல் சலவையிலேயே சால்வை கோணும். அதைக் கைவிட்டோம்.

கடைக்காரரிடம் நிலைமையைச் சொன்னபோது, மீதியைச் சட்டத்தறியில் நெய்து வாங்கிவிடலாமே என்றார். நாகாலாந்தில் சட்டத்தறிகளும் இருக்கின்றன, வேகமும் அதிகம். அகலமாக ஒரே துண்டாகவே வந்துவிடும், மூன்று பட்டைத் தொல்லையே இல்லை. ஆனால் இடுப்புத் தறித் துணியில் பாவு நெருக்கமாக நின்று ஊடையை மறைத்துவிடும். அதனால் வரும் கனமும் விறைப்பும் வேறு. விற்பனைச் சீட்டில் இடுப்புத் தறி என்று அச்சிட்டிருக்கும்போது வேறொன்றைக் கொடுக்க நான் தயாராக இல்லை. கடைக்காரரும் அதை வற்புறுத்தவில்லை.

கடைசியில் எடுத்த முடிவு: பழையபடி ஒரு சால்வை ஒரே ஆள். தாமதத்தை ஒப்புக்கொண்டு கடைக்குக் கடிதம். நெய்து முடித்த 31 பட்டைகளுக்கும் பேசிய கூலி முழுதும் கொடுப்பது. தவறு நெய்தவர்களுடையது இல்லை. புட்டா நெய்தவர்களுக்கு அந்தக் காலத்துக்கான கூலி வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். இழப்பு ஒருங்கிணைப்புச் செலவுக் கணக்கில் போனது.

புட்டா தெரியாதவர்கள் என்ன செய்வது? இதற்கு வழி சொன்னதும் அவர்கள்தான். புட்டா தெரிந்தவர் பக்கத்தில் தன் தறியோடு உட்கார்ந்துகொள்வது, இழை எண்ணிக்கையை வாயால் சொல்லிக்கொண்டே போவது, மற்றவர் தன் பாவில் தூக்குவது. ஒருவர் தறியில் இன்னொருவர் கை படாது. சின்ன வயதில் அம்மாவிடம் கற்றதும் இதே முறையில்தானாம். நான் அங்கே போன மதியங்களில் அந்த அறை முழுக்க எண்கள் கேட்கும். நடுநடுவே யாராவது எண்ணிக்கை தப்பி, எல்லாரும் நின்று, இரண்டு வரிசை பிரித்து, திரும்பத் தொடங்குவார்கள். வேகம் குறைந்தது. நான்கு பேர் முயன்றார்கள், நவம்பருக்குள் இரண்டு பேர் துணையில்லாமல் நெய்யத் தொடங்கினார்கள்.

விளைவு

31 பட்டைகளையும் நீளம், நிறம் பார்த்து மாற்றி மாற்றி அடுக்கியதில் 4 சால்வைகள் தேறின. மீதியிருந்த 5 நடுப்பட்டைகள் மேசை விரிப்புகளாயின. 14 ஓரப்பட்டைகளில் பெரும்பாலானவை கழுத்துத் துண்டுகளாக ஹார்ன்பில் விழாக் கடையில் விற்றன. போட்ட காசு முழுதும் திரும்பவில்லை.

செப்டம்பர் கடைசியில் கொடுத்தவை 19: முதலில் முடிந்த 8, தேறிய 4, புதிதாக நெய்த 7. மீதி 11 நவம்பர் இறுதியில் போயின. தாமதத்துக்காகக் கடை ஒரு பகுதித் தொகையைப் பிடித்துக்கொண்டது, ஒப்பந்தத்தில் இருந்ததுதான். அடுத்த வருடமும் ஆர்டர் கொடுத்தார்கள், 12 சால்வை மட்டும்.

இப்போது செய்வது

ஆர்டர் தாளில் பட்டைக் கணக்கு இல்லை, ஆளுக்கு ஒரு வரி. பாவு ஓட்டும் முன்பே ஒரு சால்வைக்குத் தேவையான எல்லா நூலையும் ஒரே லாட்டில், அதாவது ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியிலிருந்து கட்டி, நெய்பவர் பெயர் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இடையில் நூல் தீர்ந்து வேறு சிட்டம் சேரும் வழியே இல்லை. நீளத்தைத் தறியில் அளப்பதை விட்டாயிற்று. இறக்கி, அலசி, காய்ந்த பிறகுதான் டேப். கடைக்குக் கொடுக்கும் விவரத்தில் நீளம் 68 முதல் 71 அங்குலம் வரை என்று வரம்பாகவே எழுதுகிறோம். ஜூன், ஜூலையில் எந்தக் கெடுவும் ஒத்துக்கொள்வதில்லை.

மாதிரி பேசும்போது மூத்தவர் முதலில் படத்தைப் பார்ப்பார். அவர் சரி என்ற பிறகுதான் விலை.

இரண்டு விஷயங்கள் இன்னும் தீராமல் கிடக்கின்றன. புட்டாவுக்குத் தனிக் கூலி எவ்வளவு என்பதில் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வரிசைக் கணக்கா நாள் கணக்கா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு வருகிறது, முடிவில்லாமல் கலைகிறது. அப்புறம் அந்த எட்டு ஊடைக் கோடுகள். அவற்றை இரண்டாகக் குறைத்தால் தைப்பது எளிது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஏன் குறைக்க வேண்டும், இப்போதுதான் சரியாகச் சேருகின்றனவே என்றார்கள்.